பி2பி கடனா, வங்கிக் கடனா? கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

அவசரமாக ஒன்றிரண்டு லட்சம் தேவைப்பட்டால் வங்கி, நகை அடகு, சீட்டு, தெரிந்தவர் என்று அலைந்த காலம் போய், இன்று பி2பி (பியர்-டு-பியர்) தளங்களும், அதாவது தனி ஆட்கள் தனி ஆட்களுக்கு இணையம் வழியே கடன் தரும் தளங்களும், அந்த வரிசையில் சேர்ந்துவிட்டன. இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் பதிவு பெற்று இயங்கும் தளங்களைப் பற்றி, கடன் வாங்குபவரின் பக்கத்திலிருந்து மட்டும் இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். பணம் போட்டு வட்டி சம்பாதிக்க நினைப்பவர்களின் கேள்விகள் வேறு. அவை இதில் இல்லை.

பி2பி கடனில் எனக்குக் கடன் கொடுப்பது யார்?

தளம் அல்ல, அதில் பணம் போட்டிருக்கும் ஆட்கள். மற்ற எல்லா வேறுபாடுகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. வங்கி தன் பணத்தை, அதாவது தன்னிடம் வைப்பு வைத்தவர்களின் பணத்தை, தன் பொறுப்பில் கடனாகத் தருகிறது. நீங்கள் கட்டாவிட்டாலும் வைப்பு வைத்தவருக்கு வங்கி திருப்பித் தந்தாக வேண்டும். பி2பி தளமோ இரு பக்கத்தையும் சேர்த்துவைக்கும் தரகர். அது தன் கையிலிருந்து கடன் தரக்கூடாது, பொதுமக்களிடம் வைப்பு வாங்கக்கூடாது, கடன் திரும்பும் என்று உத்தரவாதமும் தரக்கூடாது. நீங்கள் தவணை கட்டாமல் விட்டால் நட்டம் நேராகப் பணம் போட்டவரின் தலையில் விழுகிறது.

இன்னொரு விதி: ஒருவர் ஒரு கடனாளிக்கு எல்லாத் தளங்களையும் சேர்த்து 50,000 ரூபாய்க்கு மேல் தர முடியாது. ஆகவே 1 லட்சம் கடனுக்குக் குறைந்தது 2 பேர், 10 லட்சத்துக்குக் குறைந்தது 20 பேர் தேவை. நடைமுறையில் ஒவ்வொருவரும் சில நூறு, சில ஆயிரம் என்றுதான் போடுவார்கள் என்பதால், உங்கள் ஒரு கடனுக்குப் பின்னால் ஐம்பது, நூறு பேர் இருப்பது சாதாரணம்.

இது சட்டப்படி செல்லுபடியாகும் தொழில்தானா?

ஆம். 2017 அக்டோபர் 4 அன்று ரிசர்வ் வங்கி இதற்கென்று தனி நெறிமுறைகளை வெளியிட்டது. அதன்படி பதிவு பெற்ற, வங்கி சாரா நிதி நிறுவனங்களில் ‘என்பிஎஃப்சி-பி2பி’ என்ற வகையைச் சேர்ந்த நிறுவனம் மட்டுமே இத்தொழிலைச் செய்யலாம். அதற்குக் குறைந்தது 2 கோடி ரூபாய் சொந்த நிதி வேண்டும். ஃபேர்சென்ட், லென்டென்கிளப் போன்றவை இவ்வகையில் அறியப்பட்ட பெயர்கள். பெயர் தெரிந்த தளம் என்பதற்காக நம்பிவிடாமல், ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் உள்ள பட்டியலில் அந்த நிறுவனத்தின் பதிவுப் பெயரைத் தேடுங்கள். செயலியின் விளம்பரப் பெயர் ஒன்றாகவும் நிறுவனத்தின் பெயர் வேறாகவும் இருப்பது சகஜம். பட்டியலில் இருப்பது நிறுவனத்தின் பெயர்.

எவ்வளவு வாங்கலாம்? எத்தனை மாதத்துக்கு?

எல்லா பி2பி தளங்களிலும் சேர்த்து ஒருவர் அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வாங்கலாம். ஒரு தளத்தில் 6 லட்சம் பாக்கி இருந்தால் இன்னொன்றில் 4 லட்சம்தான் மிச்சம். தவணைக் காலம் 36 மாதத்தைத் தாண்டக்கூடாது. வங்கியின் தனிநபர் கடன் 5 ஆண்டு, சிலருக்கு அதற்கு மேலும் கிடைக்கும். பி2பி-யில் ஈடு வாங்கக்கூடாது என்பதால் நகையோ பத்திரமோ அங்கே எடுபடாது. ‘பி2பி’ என்று சொல்லிக்கொண்டு வீட்டுப் பத்திரத்தைக் கேட்கும் ஆள் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வங்கியைவிட வட்டி குறைவு என்கிறார்களே?

தொடக்க காலத்தில் இப்படித்தான் விளம்பரம் வந்தது: நடுவில் வங்கி இல்லை, ஆகவே இரு பக்கத்துக்கும் லாபம். கணக்கு அப்படி வரவில்லை. வங்கிக்குச் சேமிப்புக் கணக்கில் கிடக்கும் பணம் சுமார் 2.5 முதல் 3% வட்டியில் கிடைக்கிறது. பி2பி-யில் பணம் போடுபவர், வைப்புக் காப்பீடும் இல்லாமல், திரும்புமா என்ற சந்தேகத்தோடு போடுகிறார். நிரந்தர வைப்பில் கிடைப்பதைவிடக் கணிசமாக அதிகம் எதிர்பார்ப்பார். அதன் மேல் தளத்தின் கட்டணமும் சேர்கிறது. ஆகவே நல்ல சிபில் ஸ்கோரும் (கடனைத் திருப்பிய வரலாற்றுக்கான மதிப்பெண்) மாதச் சம்பளமும் உள்ளவருக்கு வங்கிதான் மலிவு. அவர்களுக்கு வங்கியில் தனிநபர் கடன் பொதுவாக 10 முதல் 15% வரை கிடைக்கும். பி2பி-யில் ஸ்கோரைப் பொறுத்து சுமார் 12%-இல் தொடங்கி 30%-ஐயும் தொடும்.

1 லட்சத்தை 24 மாதத்தில் திருப்பினால், 12% குறையும் நிலுவை வட்டியில் (மீதி அசலுக்கு மட்டும் வட்டி) தவணை 4,707 ரூபாய், மொத்த வட்டி சுமார் 12,976. அதே கடன் 24%-க்கு என்றால் தவணை 5,287, மொத்த வட்டி சுமார் 26,891. மாதத் தவணையில் 580 ரூபாய்தான் கூடுகிறது. அதனால்தான் ‘தவணை எவ்வளவு?’ என்று மட்டும் கேட்பவர்கள் வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

இந்த விஷயத்தில் வெளிநாட்டு அனுபவமும் ஒன்றுதான். 2005-இல் பிரிட்டனில் தொடங்கிய ஸோப்பாதான் உலகின் முதல் பி2பி தளம். அது வங்கி உரிமம் வாங்கிக்கொண்டு, 2021 டிசம்பரில் பி2பி பக்கத்தையே மூடிவிட்டது. அமெரிக்காவின் லெண்டிங்கிளப்பும் 2020 இறுதியில் சிறு முதலீட்டாளர்களுக்கான பிரிவை நிறுத்திவிட்டு ஒரு வங்கியை வாங்கியது. கடன் கொடுக்க மலிவான பணம் வைப்புகளில்தான் இருக்கிறது என்பதை அவர்களே கண்டுகொண்டார்கள்.

வட்டி விகிதத்தை வைத்து ஒப்பிடலாமா?

கூடாது. ஏபிஆர் எனப்படும் ஆண்டு மொத்தச் செலவு விகிதத்தை வைத்து ஒப்பிடுங்கள். கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட விகிதம் அது. இரண்டு இடத்தில் ஏமாற்றம் நிகழ்கிறது.

ஒன்று, பிடித்தம். 1 லட்சத்துக்கு 18% வட்டி. செயலாக்கக் கட்டணம் 4%, அதன் மேல் 18% ஜிஎஸ்டி. 4,720 ரூபாய் முதலிலேயே கழிந்து, கணக்குக்கு 95,280தான் வரும். தவணையோ முழு 1 லட்சத்துக்கு. 24 மாதக் கடனாக இருந்தால் உண்மையான விகிதம் ஏறக்குறைய 23%. அதையே 12 மாதத்துக்கு வாங்கினால் 27%-ஐத் தாண்டுகிறது. காலம் குறையக் குறையக் கட்டணம் அதிகமாகக் கடிக்கும். பி2பி கடன்கள் பெரும்பாலும் குறுகிய காலத்துக்கானவை என்பதால் இது அங்கே கூடுதலாக வலிக்கும்.

இன்னொன்று, ‘ஃபிளாட்’ வட்டி. ‘வருஷம் 12%தான்’ என்று சொல்லி, அசல் குறைவதைக் கணக்கில் எடுக்காமல், 1 லட்சத்தோடு 24 மாதத்துக்கு 24,000 சேர்த்து 24-ஆல் வகுத்தால் தவணை 5,167 வரும். குறையும் நிலுவையில் இது சுமார் 21.6%-க்குச் சமம். வாய்மொழியாகச் சொல்லும் விகிதத்தை நம்பாதீர்கள். வங்கியோ நிதி நிறுவனமோ, சில்லறைக் கடனுக்கு கேஎஃப்எஸ் எனப்படும் முக்கிய விவரத் தாளைக் கொடுக்க வேண்டும் என்பது 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறை. ஏபிஆர், எல்லாக் கட்டணங்கள், தவணை அட்டவணை எல்லாம் அதில் இருக்கும். அதில் போடாத கட்டணத்தைப் பின்னால் உங்கள் சம்மதமில்லாமல் வசூலிக்க முடியாது.

ஊரில் ‘நூத்துக்கு ரெண்டு வட்டி’க்கு வாங்குகிறோமே, அதைவிட இது மேலா?

மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24%. அசல் அப்படியே நின்று வட்டி மட்டும் கட்டி வந்தால் விகிதம் இதுதான். ஸ்கோர் சுமாராக உள்ளவருக்கு பி2பி-யும் கிட்டத்தட்ட இந்த இடத்தில்தான் வரும். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது: பி2பி-யில் ஒவ்வொரு தவணையிலும் அசல் குறைகிறது, எல்லாம் வங்கிக் கணக்கு வழியாக நடக்கிறது, ஒழுங்காகக் கட்டினால் ஸ்கோர் ஏறுகிறது. இரண்டு வட்டிக்கு வாங்கியவர் மூன்று வருடம் வட்டியே கட்டி, அசலில் ஒரு ரூபாயும் குறையாமல் நிற்பதை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

தண்டல் இன்னும் மோசம். கையில் 9,000 கொடுத்து நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்குகிறார்கள். ஆயிரம் ரூபாய் வட்டிதானே என்று தோன்றும். ஆண்டுக் கணக்கில் அது 75%-க்கு மேல். கந்துவட்டி, மீட்டர் வட்டி, மணி வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் தனிச் சட்டமே வந்தது. அந்தச் சுழலிலிருந்து வெளியே வர பி2பி உதவினால் தாராளமாகப் பயன்படுத்தலாம். பழைய கடனை அன்றைக்கே அடைத்து, கொடுத்துவைத்த வெற்றுப் பத்திரத்தையும் காசோலையையும் திருப்பி வாங்கிவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சுமப்பதற்காக வாங்கக்கூடாது.

வங்கி ஏன் மறுக்கிறது? அதே காரணத்துக்காக பி2பி-யும் மறுக்காதா?

மறுப்பின் காரணத்தைப் பொறுத்தது. வங்கிகள் பொதுவாகப் பார்ப்பவை: ஸ்கோர் (300 முதல் 900 வரை, 750-க்கு மேல் வசதி), கையில் வரும் சம்பளத்தில் எல்லாத் தவணைகளும் சேர்ந்து 40-50%-க்குள் அடங்குகிறதா, வேலையில் எத்தனை நாள், சம்பளம் வங்கி வழியாக வருகிறதா என்பவை. கையில் 25,000 வாங்குபவருக்கு ஏற்கெனவே 6,000 தவணை இருந்தால், பாதி என்ற கணக்கில் புதிதாக 6,500-க்குத்தான் இடம் உண்டு. 12%, 36 மாதத்தில் லட்சத்துக்கு 3,321 தவணை, ஆகவே 1.95 லட்சம் வரை கிடைக்கலாம். 3 லட்சம் கேட்டால் மறுப்பு வரும். இந்தக் காரணத்துக்காக வங்கி மறுத்திருந்தால், பி2பி-யில் கிடைத்தாலும் வாங்காதீர்கள். கட்ட முடியாது என்பதைத்தான் வங்கி சொல்லியிருக்கிறது.

கடன் வரலாறே இல்லாததால் மறுத்திருந்தால் கதை வேறு. கடன் அறிக்கையில் ஸ்கோருக்குப் பதில் -1 என்று இருந்தால் அது கெட்ட மதிப்பெண் அல்ல, வரலாறு இல்லை என்று பொருள். சுயதொழில் செய்பவர்கள், ஃப்ரீலான்ஸ் வேலை பார்ப்பவர்கள், யுபிஐ-யில் வியாபாரம் ஓடும் சிறுகடைக்காரர்கள் ஆகியோரிடம் சம்பளச் சீட்டு கேட்டால் எங்கே போவார்கள்? இவர்களின் ஆறு மாத வங்கி அறிக்கையைப் பார்த்து முடிவெடுக்கும் பி2பி தளங்கள் உண்டு. இந்த முறைக்கு நியாயமான பயன் இருக்கிறது என்றால் அது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது காரணம், அறிக்கையில் பிழை. உங்களுடையதல்லாத கடனோ, அடைத்தும் ‘நிலுவை’ என்று காட்டும் கடனோ இருக்கலாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். பிழையை எழுதிக் கொடுத்தால் 30 நாளுக்குள் திருத்த வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 20%-க்குக் கடன் தேடும் முன் இந்த ஒரு மாதத்தைச் செலவிடுவது நல்ல பேரம்.

விண்ணப்பித்தால் என்னென்ன நடக்கும்? எங்கே தடங்கும்?

பான், ஆதார், ஆறு மாத வங்கி அறிக்கை, வருமானச் சான்று ஆகியவற்றோடு பதிவு தொடங்கும். தளம் உங்கள் கடன் அறிக்கையை எடுத்து, தன் மதிப்பீட்டைப் போட்டு, ஒரு வட்டி விகிதத்தோடு உங்கள் தேவையைப் பட்டியலில் ஏற்றும். பணம் போடுபவர்களுக்கு உங்கள் அடையாளம், கேட்கும் தொகை, வட்டி, ஸ்கோர் தெரியும். உங்களுக்கோ அவர்கள் தரும் தொகையும் வட்டியும் தெரியும். ஆள் யாரென்று தெரியாது. விதியே அப்படி. தொகை நிரம்பியதும் ஆதார் ஓடிபி மூலம் ஒப்பந்தத்தில் மின்கையெழுத்து, வங்கிக் கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்க இ-நாச் அனுமதி, அதன் பிறகு பணம். பணம் போடுபவர்கள் தரும் பணத்துக்கும் நீங்கள் கட்டும் பணத்துக்கும் தனித்தனி எஸ்க்ரோ கணக்குகள் (மூன்றாம் தரப்பின் பொறுப்பில் இருப்பவை) உண்டு. தளம் அதைத் தன் கைச்செலவுக்கு எடுக்க முடியாது. ரொக்கத்துக்கு இடமே இல்லை.

அதிகம் தடங்கும் இடம், தொகை நிரம்புவது. 2 லட்சம் கேட்டு 1.3 லட்சத்தோடு நின்றால் என்ன ஆகும் என்று முன்பே கேளுங்கள்: சேர்ந்த தொகையைத் தருவார்களா, ரத்து செய்வார்களா, செலுத்திய பதிவுக் கட்டணம் திரும்புமா? 2024 ஆகஸ்ட் 16 அன்று ரிசர்வ் வங்கி விதிகளை இறுக்கியது. உறுதியான வருமானம், எப்போது வேண்டுமானாலும் பணத்தை எடுக்கலாம் என்று சொல்லி முதலீட்டுத் திட்டம்போல் விற்பதைத் தடுத்தது; பணம் எஸ்க்ரோவில் ஒரு நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்றது; ஒருவரின் பணத்தைக் கொண்டு இன்னொருவருக்குத் திருப்பித் தருவதையும் நிறுத்தியது. பணம் போட வருபவர்கள் குறைந்து பல தளங்கள் சுருங்கின. ஆகவே ‘24 மணி நேரத்தில் பணம்’ என்பதை நம்பிக் கல்லூரிக் கட்டணத்தின் கடைசி நாளுக்கு முந்தைய நாள் விண்ணப்பிக்காதீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே சம்பளக் கணக்குள்ள வங்கியில் ‘முன் ஒப்புதல்’ கடன் காத்திருந்தால், வேகத்தில் அதை வெல்ல எதுவுமில்லை; செயலியில் சில நிமிட வேலை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில தளங்கள் பி2பி-யில் ஆள் கிடைக்காதபோது வேறொரு நிதி நிறுவனத்தின் கடனை நீட்டும். அதில் தவறில்லை, ஆனால் கடன் கொடுப்பவர் பெயர் மாறினால் விதிமுறைகளும் மாறும். கேஎஃப்எஸ்ஸில் யார் பெயர் இருக்கிறது என்று படித்துவிட்டு ஓடிபி-யைப் போடுங்கள்.

நான்கைந்து தளங்களில் ஒரே நேரத்தில் போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதிவாகி ஸ்கோரைக் குறைக்கும். ஒரே வாரத்தில் ஆறு விசாரணை இருந்தால் அடுத்தவர் ‘ஆள் தவிக்கிறார்’ என்று படிப்பார், வட்டியும் ஏறும்.

இடையில் பணம் வந்தால் முன்கூட்டியே அடைக்கலாமா?

முழுதாக அடைப்பதைப் பெரும்பாலான தளங்கள் அனுமதிக்கின்றன. கட்டணம் உண்டா என்பது தளத்துக்குத் தளம் மாறும். சிக்கல் பகுதி அடைப்பில்தான். போனஸ் வந்தது, 20,000 கட்டி அசலைக் குறைக்கலாம் என்றால், அதை நூறு பேருக்குப் பிரித்து நூறு அட்டவணையையும் மாற்ற வேண்டும் என்பதால் பல தளங்களில் அந்த வசதி இருக்காது. வங்கியில் நிலை: மாறும் வட்டியில் உள்ள தனிநபர் கடனுக்கு முன் அடைப்புக் கட்டணம் வாங்கக்கூடாது. ஆனால் தனிநபர் கடன்களில் பெரும்பாலானவை நிலையான வட்டியில் இருப்பவை. அங்கே மீதி அசலில் சில சதவீதம் வாங்குவார்கள். ஓராண்டுக்குள் அடைத்துவிடும் எண்ணம் இருந்தால் இந்த ஒரு வரியே எந்த இடம் மலிவு என்பதைத் தீர்மானித்துவிடும்.

ஒரு மாதம் தவணை தவறினால்?

பலருக்கு முதல் சறுக்கல் பணமின்மையால் வருவதில்லை, தேதியால் வருகிறது. சம்பளம் 7-ஆம் தேதி, இ-நாச் 3-ஆம் தேதி என்று அமைந்துவிட்டால், கணக்கில் பணமில்லாமல் தவணை மாதாமாதம் திரும்பும். உங்கள் வங்கி ஒரு திருப்பல் கட்டணம் எடுக்கும், கடன் பக்கத்திலும் ஒன்று சேரும், ஜிஎஸ்டி தனி. ஒப்பந்தத்தின்போதே சம்பளத் தேதிக்கு இரண்டு மூன்று நாள் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

திருப்பலைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். போதிய பணமின்றி இ-நாச் திரும்புவது காசோலை திரும்புவதைப் போலவே வழக்குக்கு உரியது. 2007-ஆம் ஆண்டின் கொடுப்பனவு, தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு இதைக் குற்றமாக்குகிறது. முதலில் நோட்டீஸ் வரும், வந்ததிலிருந்து 15 நாளுக்குள் கட்டினால் வழக்கு நிற்காது. நோட்டீஸைப் பிரிக்காமல் மேசையில் போட்டுவைப்பதுதான் ஆபத்து.

வேலை போய்விட்டது, சில மாதம் தள்ளித் தரச் சொல்லலாமா?

இங்கேதான் வங்கிக்கும் பி2பி-க்கும் உள்ள வித்தியாசம் நன்றாக உறைக்கும். வங்கிக் கிளைக்குப் போய் மேலாளரிடம் எழுதிக் கொடுத்தால், காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க அவர்களுக்கு வழிமுறை இருக்கிறது, முடிவெடுக்க ஒரு ஆளும் இருக்கிறார். பி2பி-யில் பணம் நூறு பேருடையது. தளம் அவர்கள் சார்பில் வசூலிக்கிறதே தவிர, அவர்களின் பணத்தை விட்டுக்கொடுக்கும் உரிமை அதற்கு இல்லை. சில தளங்கள் ஒப்பந்தத்திலேயே இதற்கான வழியை வைத்திருக்கும். இல்லையென்றால் ‘கட்டு’ என்பது மட்டுமே பதில். தகராறு மத்தியஸ்தத்துக்குப் போகும் என்றும், இடம் டெல்லி, மும்பை, பெங்களூரு என்றும் ஒப்பந்தத்தில் இருக்கும். தென்காசியிலிருந்து அதை எதிர்கொள்வது என்ன செலவு என்று யோசித்துக்கொள்ளுங்கள். வருமானம் நிலையில்லாதவர்கள்தான் பி2பி-யைத் தேடிப் போகிறார்கள். நெகிழ்வு அதிகம் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான். இந்த முரணுக்கு எங்களிடம் உள்ள ஒரே பரிந்துரை, மூன்று தவணைத் தொகையைத் தொடாமல் ஒதுக்கிவைக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள் என்பது.

வசூல் ஆட்கள் தொந்தரவு செய்தால்?

காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது. மிரட்டல், அசிங்கமான பேச்சு, உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் போன் போட்டு அவமானப்படுத்துவது எல்லாம் தடை. அழைப்புப் பதிவு, வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றைச் சேமித்து, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். அவர் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். 30 நாளில் தீர்வில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் எனப்படும் இணையப் புகார்த் தளத்தில் பதிவு செய்யலாம். விவரம் கேட்க 14448. வங்கி மீதான புகாருக்கும் இதே வழி.

தளம் மூடிவிட்டால் கடன் போய்விடுமா?

போகாது. நீங்கள் கடன்பட்டது தளத்துக்கு அல்ல. தளம் மூடினாலும் கடன் காலம் முடியும்வரை வசூலும் கணக்கும் தொடர ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பது பதிவின் நிபந்தனை. யாரோ ஒருவரின் யுபிஐ எண்ணுக்கு ‘இனி இங்கே கட்டுங்கள்’ என்று செய்தி வந்தால் மட்டும் கட்டாதீர்கள். எஸ்க்ரோவுக்கு வெளியே கட்டிய பணம் கட்டியதாகக் கணக்கில் ஏறாது.

போலிச் செயலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் அறிகுறி, ஒப்புதலுக்குப் பின் கேட்கும் முன்பணம் (பதிவுக் கட்டணம் வேறு). ‘கடன் ஒப்புதல் ஆகிவிட்டது, காப்பீட்டுக்கு 3,500 அனுப்புங்கள்’ என்றால் மோசடிதான். முறையான இடத்தில் செயலாக்கக் கட்டணம் கடன் தொகையிலிருந்து கழியும். இரண்டாவது, போனிலுள்ள தொடர்பு எண்கள், படங்கள், அழைப்புப் பதிவுகளைக் கேட்பது. கடன் செயலிகளுக்கு இந்த அனுமதி கிடையாது. கேமரா, மைக், இருப்பிடம் போன்றவை மட்டும் ஒருமுறை, உங்கள் சம்மதத்தோடு. மூன்றாவது, 7 நாள், 14 நாள் கடன். மாட்டிக்கொண்டால் உடனே 1930-க்கு அழைத்து இணையக் குற்றப் புகார் பதியுங்கள்.

கிரெடிட் கார்டு பாக்கியை அடைக்க பி2பி சரியா?

கணக்குப்படி சரி. கார்டு பாக்கிக்கு மாதம் 3 முதல் 3.75% வரை, அதாவது ஆண்டுக்கு 36-45%. அதை 20%-க்கு மாற்றினால் பாதிச் சுமை போகும். ஆனால் காலியான கார்டை மறுபடி தேய்த்தால் ஆறு மாதத்தில் இரண்டு கடனும் இருக்கும். அடைத்த அன்றே கார்டின் வரம்பை 20,000 அளவுக்குக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அதற்கு முன் கார்டு கொடுத்த வங்கியிடமே பாக்கியைத் தவணையாக மாற்ற என்ன வட்டி என்று கேட்டுவிடுங்கள். பலமுறை அது பி2பி-யைவிடக் குறைவாக இருக்கும்.

பி2பி-க்குப் போகும் முன் பார்க்க வேண்டிய வேறு கதவுகள் எவை?

வீட்டில் நகை இருந்தால் அதுதான் முதல் கதவு. வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் நகைக்கடன் வட்டி பொதுவாக ஈடில்லாத தனிநபர் கடனைவிடக் குறைவு, ஸ்கோரும் பெரிதாகத் தடையாவதில்லை. நகை மதிப்பில் 2.5 லட்சம் வரையான கடனுக்கு 85% வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் புதிய வரம்பு. நகையை அடகு வைப்பதைக் கௌரவக் குறைவாக நினைத்து 26%-க்கு ஈடில்லாக் கடன் வாங்குபவர்களைப் பார்க்கிறோம். பெட்டியில் தூங்கும் சங்கிலிக்கு வருடாவருடம் காசு கொடுப்பதுபோல் அது.

தொழிலுக்கு என்றால் அரசின் முத்ரா திட்டக் கடன்: சிசு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை, ஈடு இல்லாமல். தெருவோர வியாபாரிக்கு ஸ்வநிதி திட்டக் கடன். பயிருக்குத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம், தமிழ்நாட்டில் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. நிரந்தர வைப்போ எல்ஐசி பாலிசியோ இருந்தால் அதன் மேலேயே கடன் கிடைக்கும்.

படிப்புக்கு பி2பி-யைத் தேடாதீர்கள். வங்கியின் கல்விக் கடனில் படிப்பு முடியும்வரை தவணை இல்லை, 7.5 லட்சம் வரை ஈடும் இல்லை. பழைய வருமான வரி முறையில் இருப்பவருக்கு அந்த வட்டிக்குக் கழிவு உண்டு. பி2பி-யில் கடன் கொடுப்பவர் நிதி நிறுவனம் அல்ல, தனி ஆட்கள் என்பதால் அந்தக் கழிவு வராது.

அப்படியானால் யாருக்குத்தான் பி2பி பொருந்தும்?

நகை இல்லாத, சம்பளச் சீட்டு இல்லாத, ஆனால் வங்கிக் கணக்கில் வரவு ஒழுங்காகத் தெரியும் ஒருவருக்கு. தொகை 50,000 முதல் 2 லட்சத்துக்குள், 12 முதல் 24 மாதத்துக்குள் அடைக்க முடியும் என்றால். ஏபிஆர் 24%-க்குள் அடங்கினால். ஒழுங்காக அடைத்த ஒரு கடன் நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலும் பதிவாகும், தளங்கள் அவற்றில் உறுப்பினராக இருப்பது கட்டாயம். கடைசித் தவணை முடிந்ததும் ‘பாக்கி இல்லை’ என்ற சான்றிதழைக் கேட்டு வாங்கி, ஒன்றிரண்டு மாதம் கழித்து அறிக்கையில் ‘முடிந்தது’ என்று மாறியிருக்கிறதா பாருங்கள். அடுத்த கடனுக்கு அந்த அறிக்கையோடு வங்கிக்குப் போங்கள்.